பேராசிரியரின் வயலில் களை பிடுங்கியது

1

பேராசிரியரின் புத்தகம் வெளிவந்துவிட்டது. போன சனிக்கிழமை பல்கலைக்கழகத்துப் புத்தகக் கடையில் நின்றபடியே அதன் நன்றியுரையை வாசித்து முடித்தேன். பணம் கொடுத்த நிறுவனத்துக்கு நன்றி. பொறுமை காத்த மனைவிக்கு நன்றி. தட்டச்சு செய்த காரியதரிசிக்கு நன்றி. முன்பின் தெரியாதவனுக்கும் சோறு போட்ட பிலிப்பைன்ஸ் கிராமத்து மக்களுக்கு, மொத்தமாக, நன்றி. கடைசியில், கையெழுத்துப் பிரதியின் மேல் படுத்துறங்கித் துணையிருந்த மாங்கோவுக்கு நன்றி.

மாங்கோ அவர் வீட்டுப் பூனை. எனக்கு அதை நன்றாகத் தெரியும். இரண்டு பனிக்காலம், ஞாயிற்றுக்கிழமை தோறும், அதன் வயிற்றுக்குக் கீழேயிருந்து தாள்களை உருவி உருவித் திருத்திக்கொண்டிருந்தவன் நான். என் பெயர் அந்த நன்றியுரையில் இல்லை. கண் தவறியிருக்கும் என்று இரண்டாம் முறையும் வாசித்தேன். பின்பக்கத்துச் சொல்லடைவையும் புரட்டிப் பார்த்தேன். எருமைக்கு அங்கே நாலு பக்க எண்கள் இருந்தன. எனக்கு ஒன்றும் இல்லை.

கடையில் நின்ற பெண் உதவி வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் "ஓப்போ" என்றேன். அது பிலிப்பைன்ஸ்காரரின் தகாலொக் மொழியில் மரியாதையாகச் சொல்லும் ‘ஓம்’. என் மண்டையில் அந்நிய மொழிக்கென்று ஓர் அறைதான் இருக்கிறது போலும். அதில் தகாலொக் முதலே குடிவந்துவிட்டது. பிரெஞ்சு இன்னும் வாசலில் நிற்கிறது. மூலைக்கடையில் பால் வாங்குவதிலிருந்து குடிவரவு அலுவலகம் வரைக்கும் இதனால் எனக்கு அவமானம்தான். அன்றைக்கு அவமானம்கூடத் தெரியவில்லை. கோபம் காதை அடைத்திருந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் கனடாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்த்தால் மன்னிக்க வேண்டும். பனி கொட்டுவது அழகு, சட்டம் ஒழுங்கு அழகு என்று எழுத இங்கே வேறு ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2

ஒரு மட்டக்களப்புத் தமிழனுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் உளைந்துவிட்டது.

மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிராம அபிவிருத்திப் பகுதியில் உத்தியோகம் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு புலமைப்பரிசில் வந்தது. நெல் விளையும் கிராமங்களில் குத்தகை முறைகளைப் பற்றிப் படிக்க பிலிப்பைன்ஸுக்குப் போக வேண்டும். மற்றவர்களெல்லாம் இங்கிலாந்துக்குப் போக அடிபட்டுக்கொண்டிருந்தபடியால் அதைக் கேட்க ஆளில்லை. நான் போனேன். லகுனா என்ற மாகாணத்தில் பெரிய ஏரியொன்றின் கரையில் ஒரு கிராமம் எனக்கு வாய்த்தது. அங்கே மொழி பழகினேன், கருவாடும் சோறும் தின்றேன், சேற்றில் இறங்கினேன், ஆய்வேடு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் பணியாமல், யாருக்கும் பயப்படாமல் இருந்த காலம் அதுதான். இங்கே எனக்கு வருகிற கனவுகளில் பாதி மட்டக்களப்பு இல்லை, அந்த ஏரிக்கரை. இதைச் சொன்னால் நம்மவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஆய்வேடு ஒரு வழக்கத்தைப் பற்றியது. அங்கே அதற்கு ‘காமா’ என்று பெயர். களையெடுப்பு என்று அர்த்தம். களை முளைத்ததும் வயற்காரன் ஒரு குடும்பத்தைக் கூப்பிடுவான். கூலி கிடையாது. முதுகு முறியக் களை பிடுங்கிய அந்தக் குடும்பத்துக்குத்தான் பிறகு அந்த வயலை அறுக்கும் உரிமை. வேறெவரும் அரிவாளோடு உள்ளே இறங்க முடியாது. அறுத்து அடித்த நெல்லில் ஆறில் ஒரு பங்கு அவர்களுக்கு. நிலமில்லாத ஏழைக்கு அது ஒரு பிடிமானம்; வயற்காரனுக்குச் சும்மா கிடைத்த உழைப்பு. இது சுரண்டலா, சொந்தம் கொண்டாடலா என்று ஆய்வாளர்கள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிராமத்தில் இரண்டையும் ஒரே வயலில் கண்டேன். மட்டக்களப்பில் போடிமார் என்ற பெரிய நிலக்காரரின் வயல்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் பெரிய அதிசயம் இல்லை. நமது போடியாருக்கும் அவர்களுடைய வயற்காரனுக்கும் மீசை ஒன்றுதான் வித்தியாசம்.

திரும்பி வந்து மறுபடியும் கச்சேரிக் கதிரையில் இருந்தேன். பிறகு எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை. அடுத்த வருடம் மனைவி தவமணியையும் மகள் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு மொன்ட்ரியால் வந்து சேர்ந்தேன். பெட்டிக்குள் துணிமணியோடு ஆய்வேடும் வந்தது.

அகதி விசாரணையில் அந்த ஆய்வேடே எனக்கு வினையாகியது. விசாரித்த அதிகாரி என் பட்டச் சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீங்கள் பிலிப்பைன்ஸில் வாழ்ந்திருக்கிறீர்கள். அங்கேயே ஏன் அடைக்கலம் கேட்கவில்லை?"

"அப்போது நான் மாணவன். ஊரில் ஒன்றும் எரியவில்லை."

"ஆனால் அந்த நாடு உங்களுக்குப் பிடித்திருந்ததுதானே?"

பிடித்திருந்தது என்றால் அங்கே போ என்பார். பிடிக்கவில்லை என்றால் பொய். மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் என் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, ஆய்வு கீய்வு எண்டு கதையாதேங்கோ. உயிருக்குப் பயம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பேந்து பாப்பம்." அவன் சொன்னது சரிதான். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு ஒரு தொழிலும் ஒரு படிப்பும் இருக்கலாம் என்பது அந்த அறையில் எவருக்கும் தோன்றவில்லை.

பட்டங்களை மதிப்பிடும் வேறோர் அலுவலகம் எனக்கு ‘விவசாயத்தில் அனுபவம் உண்டு’ என்று எழுதித் தந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில், பண்ணை வேலைக்கு இப்போது ஆள் எடுப்பதில்லை என்றார்கள். கடைசியில் நகரத்துக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலை. தமிழர் நெருங்கி வாழும் வில்லரேயில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மெற்றோ ரயில், பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். குளியலறைச் சாமான்கள் வரும் பெட்டிகளை இறக்குவதும் அடுக்குவதும் வேலை. தவமணி ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பொக்கற் தைத்தாள். இதிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த ஒரே வழி, விட்ட ஆய்வைத் திரும்பத் தொடங்குவது. ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும். அதற்கு ஒரு பேராசிரியர் வேண்டும்.

3

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அவருடைய பெயரும் வேண்டாம். என் பெயரை அவர் எழுதவில்லை, அவர் பெயரை நான் ஏன் எழுத வேண்டும்?

பிலிப்பைன்ஸ் கிராமங்களைப் பற்றி இந்த நகரத்தில் ஒருவர் புத்தகம் எழுதுகிறார் என்று அறிந்து, எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆய்வேட்டோடு அவர் அறைக்குப் போனேன். ஒரு வாரத்தில் அதை முழுக்க வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். "இது அருமையான வேலை" என்றார். ஊரை விட்டு வந்த பிறகு எவரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிலிப்பைன்ஸ் பற்றியே இங்கு கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விரும்புகிறேன் என்றேன்.

"பார்க்கலாம். முதலில் இந்தப் புத்தகம் முடியட்டும்" என்று பிரதியை எடுத்து என் முன்னே வைத்தார். "நேரம் கிடைத்தால் பாருங்கள்."

நேரம் கிடைக்கவில்லை, உண்டாக்கினேன். அவர் முட்டாள் அல்ல. கோட்பாடு தெரிந்தவர், எழுதத் தெரிந்தவர். ஆனால் கிராமத்துக்கு ஒவ்வொரு தடவையும் நிலக்காரரின் ஜீப்பில் போயிருக்கிறார். நிலக்காரரின் விருந்தாளிக்குச் சொல்வதைத்தான் சனங்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு கிராமங்களை ஒன்றாக்கியிருந்தார். அறுவடை மாதத்தைத் தப்பாகப் போட்டிருந்தார். குத்தகைக்காரன் எவன், அவனிடம் கீழ்க்குத்தகை எடுத்தவன் எவன் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறியது. அவர் கிராமத்தில் பதிவுசெய்து கொண்டுவந்த ஒலிநாடாக்களில் பாதி மொழிபெயர்க்கப்படாமலே கிடந்தது. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, சரிசெய்தேன். ஒரு சதமும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் மிலா என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். பேராசிரியரின் பிள்ளைகளைப் பார்க்கவும் சமைக்கவும் வந்தவள். வீட்டோடு தங்கி இரண்டு வருடம் வேலை செய்தால், பிறகு இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம் என்ற ஒழுங்கில் வந்திருந்தாள். லகுனாக்காரி. என்னை "கூயா" என்பாள். அண்ணன் என்று பொருள். நாங்கள் குசினியில் தகாலொக்கில் கதைப்போம். அந்தப் பக்கம் பேராசிரியர் பிலிப்பைன்ஸ் குடும்ப அமைப்பைப் பற்றி எழுதிக்கொண்டு, "மிலா, கோப்பி" என்று குரல் கொடுப்பார். அவளுடைய குடும்பத்தில் எத்தனை பேர் என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை.

"உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்காதவரைக்கும் நிம்மதி, கூயா. கேட்கத் தொடங்கினால் சமையல் யார் செய்வது?" என்றாள்.

எண்பத்தாறு பெப்ரவரியில் பிலிப்பைன்ஸில் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். சர்வாதிகாரி குடும்பத்தோடு விமானமேறி ஓடினார். பண்டகசாலைச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்த முகங்கள் எனக்குத் தெரிந்த முகங்கள் மாதிரி இருந்தன. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் குகன் என் முதுகில் தட்டினான்.

"அண்ணை, உங்கட ஆக்கள் கலைச்சுப்போட்டினம்! ஓடினவன்ர மனுசி விட்டிட்டுப் போன ஆயிரக்கணக்கான சப்பாத்தில ஒரு சோடி எங்கட மனுசிக்கும் எடுத்துத் தாங்கோவன்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்கட ஆக்கள் எப்ப கலைப்பினம்?" என்று கேட்டான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த மாதம் பேராசிரியருக்கு மவுசு வந்துவிட்டது. வானொலியில் கூப்பிட்டார்கள், பத்திரிகையில் கூப்பிட்டார்கள். பதிப்பகம் புத்தகத்தை அவசரப்படுத்தியது. என் ஞாயிற்றுக்கிழமைகள் காலையிலேயே தொடங்கின. வானொலியில் அவர் சொன்ன விளக்கங்களில் சில, அதற்கு முந்திய ஞாயிறு நான் அந்த மேசையில் சொன்னவை. கேட்கப் பெருமையாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். அவ்வளவு பேயன் நான்.

4

வீட்டில் சண்டை.

"இஞ்சேருங்க, அந்த மனிசனிட்ட இடம் தருவியா மாட்டியா எண்டு கேட்டீங்களா?" தவமணி இதை எல்லா ஞாயிறும் கேட்பாள்.

"அப்பிடிக் கேக்கிறது மரியாதை இல்ல."

"மரியாதைய வச்சி என்ன செய்யிற? உலையில போடவா? கிழமை முழுக்க பெட்டி தூக்கிற, ஞாயித்துக்கிழமையும் அவன்ட வீட்ட போய் எழுதிற. புள்ளைக்கு உங்கட மூஞ்சி மறந்து போயிரும்."

அவளுக்கு நான் காமாவை விளக்கினேன். களை பிடுங்குபவன் கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை, அறுவடையின்போது வயல் தானாக அவனுக்கு வரும், பேராசிரியர் இந்த வழக்கத்தைக் கரைத்துக் குடித்தவர், அவருக்குத் தெரியாதா என்றேன். அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அது அவங்கட ஊரில. இவன்ட ஊரில என்ன வழக்கமெண்டு ஆராய்ஞ்சி பாத்தீங்களா?" என்றாள். நான் கோபித்துக்கொண்டு மேல்சட்டையை மாட்டினேன்.

மிலாவிடமும் ஒருநாள் சொன்னேன். புத்தகம் முடியப்போகிறது, எனக்கு இடம் கிடைத்துவிடும் என்று.

"அவர் சொன்னாரா?"

"சொல்ல வேண்டுமா? களை பிடுங்கினது நான்தானே."

அவள் சட்டி மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. "கூயா, எங்கள் ஊரில் வயற்காரன் உன் வாசலுக்கு வந்து கூப்பிடுவான். பக்கத்து வீடெல்லாம் கேட்கக் கூப்பிடுவான். அந்தக் கூப்பாடுதான் ஒப்பந்தம். இவர் உன்னை எப்போது கூப்பிட்டார்? நீயாகவே இறங்கிப் பிடுங்கியிருக்கிறாய்."

"பிரதியை அவர்தான் தந்தார்."

"பார்க்கத் தந்தார்." அவள் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "எனக்காவது இரண்டு வருடம் என்று கடதாசியில் போட்டிருக்கிறார்கள்."

வேறு எந்த அகதியும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான். மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டிருப்பான். காமாவைப் பற்றி ஆய்வேடு எழுதிய ஒருவன்தான், காமாவைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஒருவரின் மேசையில் இருந்துகொண்டு, இதுவும் காமாதான் என்று நம்பியிருக்க முடியும். அன்றைக்கே அவரிடம் போய்க் கேட்டேன், கொஞ்சம் தடுமாறித்தான். "நிச்சயமாக, நிச்சயமாக. புத்தகம் வரட்டும், உட்கார்ந்து பேசுவோம்" என்று தோளில் தட்டினார். நான் அதைக் கூப்பாடாக எடுத்துக்கொண்டேன்.

5

எண்பத்தாறு ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் தத்தளித்த தமிழர்களை மீனவர்கள் மீட்டு வந்ததை நீங்களும் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். அதுவரைக்கும் இங்கே எங்களை எவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும். பஸ்சில், மெற்றோவில், பண்டகசாலையில், "நீயும் அந்தப் படகிலா வந்தாய்?" நான் விமானத்தில் வந்தவன் என்று சொன்னால் ஏமாற்றம் வேறு. பேராசிரியரும் கேட்டார். ஒரு வருடமாக அவர் மேசையில் இருந்தவனிடம் கேட்டார்.

சுகந்தி அப்போது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லிப் பழகிவிட்டவள். அந்த செப்டெம்பரில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தகாலொக்கில ‘எப்பிடிச் சுகம்’ எண்டு எப்பிடிக் கேக்கிற?"

சொல்லிக் கொடுத்தேன். பத்து வரை எண்ணக் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். ஒரு சின்னப் பாட்டும் கேட்டாள். தமிழ் எழுத்துப் பழக்க இருத்தினால் எழும்பி ஓடுகிற பிள்ளை, அன்றைக்கு மாலை முழுக்க என்னோடு இருந்தாள். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். தவமணிதான் சந்தேகப்பட்டு, எதற்கடி இதெல்லாம் என்று அதட்டினாள்.

"பள்ளிக்கூடத்தில படகில வந்ததுகள் எண்டு பகிடி பண்ணிறாங்க. நான் பிலிப்பைன்ஸ் எண்டு சொல்லிட்டன். கதைச்சுக் காட்டு எண்டு கேக்கிறாங்க" என்றாள் சுகந்தி.

தவமணி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைத் திட்டவில்லை. அடுத்த நாள் அவள் கேட்ட மிச்சச் சொற்களையும் சொல்லிக் கொடுத்தேன். நான் நேசித்த நாட்டை என் மகள் ஒளிந்துகொள்ளும் மூலையாக எடுத்துக்கொண்டாள். அது இன்றைக்கும் வலிக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு பனிக்காலம் முழுவதும் நான் அந்தப் பிரதியில் வேலை செய்தேன். அச்சுத்தாள்களைத் திருத்தியதும் நான்தான். எண்பத்தேழு வசந்தத்தில் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. ரெலிபோன் எடுத்தால் காரியதரிசி, அவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றாள்.

6

புத்தகக் கடையில் நன்றியுரையை வாசித்த அந்தச் சனிக்கிழமையே, வரும் வியாழன் அவருடைய துறையில் புத்தகத்துக்கு விருந்து என்று கதவில் ஒட்டியிருந்ததைக் கண்டேன். எனக்கு அழைப்பு இல்லை. போனேன். "கேட்டுப்போட்டு வாங்க. கேக்காம வந்தா கதவு துறக்க மாட்டன்" என்று தவமணி படிக்கட்டுவரை வந்து சொல்லி அனுப்பினாள்.

வைனும் பாற்கட்டியும் வைத்திருந்தார்கள். பேராசிரியர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அதுதான் அவரில் எனக்குத் தாங்க முடியாதது. அவருக்கு என்மேல் ஒரு வஞ்சமும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு மாணவியை அறிமுகம் செய்தார். ஏரிக்கரைக் கிராமங்களைப் பற்றி அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். பிலிப்பைன்ஸுக்கு இன்னும் போனதில்லை, அடுத்த கோடையில் போகிறாள். "நீங்கள் தகாலொக் பேசுவீர்களாமே? எனக்குக் கொஞ்சம் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. அவளில் ஒரு பிழையும் இல்லை. நான் பேராசிரியர் பக்கம் திரும்பி, உங்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றேன். அவருடைய அறைக்குப் போனோம். கதவு திறந்தபடியே இருந்தது.

"என் இடம் என்னவாயிற்று?" என்றேன்.

"இந்த வருடம் ஓர் இடம்தான் இருந்தது. உங்களுக்குப் புரியும்." கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உற்சாகமாக முன்னால் சாய்ந்தார். "ஆனால் உங்களுக்கு வேறொன்று யோசித்து வைத்திருக்கிறேன். தமிழ் அகதிகளைப் பற்றி ஒரு திட்டம் தொடங்குகிறோம். வில்லரேயில் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்க ஆள் வேண்டும். உங்களுக்குத்தான் கதவு திறப்பார்கள். சம்பளம் உண்டு."

"நான் ஆராய்ந்தது பிலிப்பைன்ஸை."

"ஆனால் நீங்கள் தமிழர். உங்கள் மக்களைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"நீங்கள் இந்த ஊர்க்காரர். நீங்கள் ஏன் உங்கள் மக்களைப் பற்றி எழுதவில்லை?"

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

பொய் சொல்லக்கூடாது, சம்பளம் என்றதும் மனம் ஆடியது. தவமணியின் விரல்களில் ஊசி ஏறிய தழும்புகள் ஞாபகம் வந்தன. ஓம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அதற்குள், குகனின் வீட்டு வாசலில் ஒலிநாடாக் கருவியோடு நான் நிற்பது கண்ணில் தெரிந்தது. ஏன் ஓடிவந்தாய், எதில் வந்தாய், யாரைப் பறிகொடுத்தாய் என்று கேட்டு, அந்த நாடாக்களைக் கொண்டுவந்து இந்த மேசையில் வைப்பது தெரிந்தது. இன்னொரு புத்தகம், இன்னொரு நன்றியுரை.

"வேண்டாம்" என்றேன். "உங்கள் நாலாம் அத்தியாயத்தில் ஒரு குறை இருக்கிறது. ஒருவனைக் களை பிடுங்க விட்டு, கதிர் விளைந்ததும் வேறொருவரை அறுக்க விடுகிற வயற்காரனை ஊரார் என்ன சொல்வார்கள் என்று நான் ஓரத்தில் எழுதியிருந்தேன். புத்தகத்தில் அது இல்லை."

"விட்டுப்போய்விட்டதா? என்ன சொல்வார்கள்?"

நான் எழுந்து நின்று அவர் கண்ணைப் பார்த்து, "வலாங் ஹியா" என்றேன். வெட்கம் கெட்டவன். தகாலொக்கில் ஒரு மனிதனை அதற்குக் கீழே இறக்க முடியாது. அதைக் கேட்டுக் கத்தியை எடுத்தவர்களை நான் அறிவேன்.

பேராசிரியரின் முகம் பிரகாசித்தது. "ஆமாம்! ஆமாம்! இந்த இடத்துக்கு அதுதான் சொல். அதை நேருக்கு நேர் சொல்வார்களா, முதுகுக்குப் பின்னாலா?"

"நேருக்கு நேர். இப்போது நான் சொன்ன மாதிரி."

"அருமை. இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிடலாம்." மேசையில் கிடந்த தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறேன், உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள்?"

சொன்னேன். கச்சேரி உத்தியோகத்தன் வாயில் வரக்கூடாதவை, வயல் வரம்புச் சண்டைகளில் என் காதில் விழுந்தவை, தாய்வழியில் கொஞ்சம், தகப்பன்வழியில் கொஞ்சம், அவருடைய பரம்பரையில் ஒருவரையும் விடாமல், உரத்த குரலில், நல்ல மட்டக்களப்புத் தமிழில் சொன்னேன். வைன் கிளாசோடு ஆட்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் இடையில் ஒரு தடவை மட்டும் கையை உயர்த்தினார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது தவமணி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டன். இடம் இல்லையாம்."

"ஒண்டும் சொல்லாமலா வந்தீங்க?"

"ஏசினன். நம்மட பாசையில, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி ஏசினன்."

"அதுக்கு அந்த மனிசன் என்ன சொன்ன?"

"எழுதி எடுத்தார்" என்றேன்.